கால் போகும் இடம்

கொடித்திட்டில் நின்றால் ஏழு மலை தெரியுமாம்.
பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
நான் ஐந்துதான் எண்ணியிருக்கிறேன்,
அதுவும் தை மாதத்துக் காலை ஒன்றில்,
காற்று பனியைத் துடைத்துவிட்டிருந்தபோது.
மற்ற நாளெல்லாம் குனிந்த வேலை.

எந்தத் துரையோ குதிரையை நிறுத்திய இடம் என்று
இரும்புக் கைப்பிடி, கல் ஆசனம், பித்தளைத் தகடு.
அதன் அடியில்தான் மண் போய்க்கொண்டிருந்தது,
ஐப்பசிக்கு ஒரு சாண், கார்த்திகைக்கு ஒரு முழம்.
படம் பிடிக்க வந்தவர்கள் சாய்ந்து சிரித்தார்கள்.
கைப்பிடியின் நாலாவது கால்
அந்தரத்தில் தொங்கியது
கீழே நின்று பார்த்த எங்களுக்குத்தான் தெரியும்.

அப்புத்தளையிலிருந்து திணைக்களத்து ஜீப் வந்தது.
தசநாயக்க மாத்தயா நல்ல மனிதர்,
பிளேன்டீயை எங்களோடு நின்றே குடிப்பார்.
வரைபடத்தை ஜீப்பின் மூக்கில் விரித்து
நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தார்.
மேலே தேங்குவதை ஒரே கானில் சேர்த்து
நேரே கீழே இறக்கிவிடலாம்.
நீல மையில் ஒரு கோடு. சுருக்கமான கோடு.
செலவும் குறைவு.

கோடு முடிந்த இடத்தில் காகிதமும் முடிந்தது.

கான் வெட்டுவது எனக்குப் புதிதல்ல,
தேயிலைக்குள் பதினெட்டு வருடம்.
அவசரப்படுத்தினால் தண்ணீர்
மண்ணையும் தூக்கிக்கொண்டு ஓடும்.
கொஞ்சமாய்ச் சாய்த்து, இடையிடையே குழி வைத்து,
உட்கார்ந்து, சுமையை இறக்கிவிட்டுப் போ
என்று அதற்குச் சொல்லவேண்டும்.
அவருக்கும் சொல்லத்தான் நினைத்தேன்.
பேர் போடும் புத்தகம் அவர் கையில் இருந்தது.

மூன்றாம் நாள், இரவெல்லாம் பெய்து ஓய்ந்த காலையில்
யோகமலர் ஏறி வந்தாள்.
கீழ் லயம், கடைசிக் காம்பரா.
தலையில் உரச்சாக்கு.
ஒருவரையும் கேட்காமல் வரைபடத்தின் மேல் கவிழ்த்தாள்:
ஈரமண், இரண்டு தேயிலை வேர், சிகரெட் பஞ்சு,
ஐஸ்கிரீம் குச்சி,
பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து.

"ஒங்க மேட்டு மண்ணு சேர்.
எங்க அடுப்படியில இருந்திச்சி.
இன்னும் ஆறு மூட்டை இருக்கு.
ஆள் அனுப்புறீங்களா, நானே கொண்டாரவா?"

சப்பாத்தை மட்டும் எடுத்து உதறி
இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாத்தயாவுக்குத் தமிழ் அரைகுறை.
சிங்களத்தில் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தார்.
நான் வாயைத் திறக்குமுன்
தொப்பியைக் கழற்றிவிட்டார்.

வாய்க்கால் என்கிறோம்.
வாயைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறோம்.
கால் யார் வாசலில் போய் நிற்கும் என்று
எந்தப் படத்திலும் போடுவதில்லை.

கோடு வளைந்தது.
வடக்கே, பெரும்பாறையைச் சுற்றி, ஓடைக்கு.
நூற்றுப்பத்து அடி கூடுதல்.
வளைவில் தோண்டும்போது அலவாங்கு ணங்கென்றது.
சாந்தில்லாமல் அடுக்கிய ஒரு பழைய கான்,
வேர் அடைத்து, அதே ஓடையைப் பார்த்தபடி.
கார் நிறுத்தக் கொட்டிய கொங்கிரீட்
அதன் வாயை மூடியிருந்தது.
அடுக்கியவன் பேர் தகட்டில் இல்லை.
ஒவ்வொரு கல்லும் ஒரு விரற்கடை பின்சாய்ந்திருந்தது,
என் கை வைக்கிற அதே சாய்வு.
கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன்.
பிறகு வேர்களை வெட்டினேன்.

சரிவில் மானாப்புல் நட்டோம்.
கைப்பிடியை ஆறடி பின்னுக்கு இழுத்தோம்.
துரையின் ஆசனம் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம்,
குருவி எச்சத்தோடு.

ஐப்பசி மழை இரவு பத்துக்குத் தொடங்கியது.
டோர்ச்சோடு போனேன்.
ஏழு மலையும் இல்லை, ஒரு மலையும் இல்லை.
முதல் குழி நிறைந்தது, இரண்டாவது நிறைந்தது,
மூன்றாவதைத் தாண்டும்போது
சேற்று நிறம் போய் பிளேன்டீ நிறம்.
காலடியில் அது வடக்கே திரும்பும் சத்தம்.

கீழே கடைசிக் காம்பராவில் விளக்கு எரிந்தது.
அவள் நம்பவில்லை.
ஒரே மழைக்கு நம்பவேண்டியதும் இல்லை.

விடிந்ததும் ஒரு வேன் கூட்டம் வந்து
பனியைப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று
ஏறிப் போய்விட்டது.
எனக்கு மூன்று நாள் பேர்
இன்னும் வரவேண்டியிருக்கிறது.