குல்மார்க் கணக்கு

கோரிமேடு குவார்ட்டர்ஸில்
ராத்திரி டியூட்டிக்குக் கிளம்புமுன்
எல்.டி.சி. படிவம் நிரப்புகிறேன்.
போன தேதி, வந்த தேதி,
குடும்ப உறுப்பினர் நால்வர்.
போர்டிங் பாஸ் ஒன்று குறைகிறது.
ஆரோன் அதைக் கப்பலாக மடித்து
டெல்லி விமான நிலையக் கழிவறையில்
மிதக்கவிட்டதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஞாயிறு சந்தையில்
குரங்குக் குல்லாவுக்குப் பேரம் பேசியபோது
'ஊட்டியா?' என்றார் கடைக்காரர்.
'இன்னும் கொஞ்சம் மேலே' என்றார் பெலிக்ஸ்.
ஜனவரி என்று பேர்தான்,
அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
அன்று சாயங்காலமே
பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து
ரெனித்தாவுக்குச் சறுக்குக் கட்டை செய்தார்.
வீராம்பட்டினத்து மணல்மேட்டில் ஒத்திகை.
வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்
வேலையை விட்டுப் பார்த்தார்கள்.
மூன்றாம் தடவை குப்புற விழுந்து எழுந்தவள் வாயில்
மணல் இருந்தது, ஒரு பல் இல்லை.
ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்தான்.

அங்கே நடந்தது இது:
உள்பனியன், அதன்மேல் கம்பளி,
அதன்மேல் சுதாமோள் சிஸ்டர் இரவல் தந்த ஸ்வெட்டர்,
அதன்மேல் வாடகைக்கு எடுத்த ஊதிய உடுப்பு,
காலுறை இரண்டு அடுக்கு, கையுறை, கண்ணாடி.
நாற்பது நிமிஷம்.
கடைசி ஜிப்பைத் தாடைவரை இழுத்ததும்
உள்ளேயிருந்து ஒரு குரல்:
'அம்மா, ஒன்னுக்கு.'
அவசரப் பிரிவில் பதினோரு வருஷம்.
இவ்வளவு வேகமாக
யாருடைய உடுப்பையும் நான் கழற்றியதில்லை.
அப்படியும் தோற்றேன்.

மூன்று நாள் வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தோம்.
ரெனித்தா முதல் நாள் விழுந்தாள்.
இரண்டாம் நாள் வேண்டுமென்றே விழுந்தாள்.
மூன்றாம் நாள் எங்களைத் தெரியாதவள் போலக்
கடந்து போனாள்.
ஆரோன் கட்டையில் கால் வைக்கவே இல்லை.
பயிற்சியாளர் ஷௌக்கத்
கால்விரல்கள் முன்னே சேர, குதிகால்கள் விலக
நடந்து காட்டி, 'பீட்சா, பீட்சா' என்றார்.
அதுதான் பிரேக்காம்.
நிஜ பீட்சா எங்கே என்று இவன் அழுதான்.
அப்புறம் பனியில் உட்கார்ந்து
கடற்கரையில் தோண்டுவது போலவே குழி தோண்டி
தண்ணீர் ஊறுமென்று காத்திருந்தான்.
பெலிக்ஸும் பி.எஃப். கடனும்
பக்கத்தில் உட்கார்ந்து
அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி, பிள்ளைகள் தூங்கியபின், சண்டை.
'உன் யோசனைதான்.'
'உங்க அண்ணன் பாரீஸிலேர்ந்து அனுப்பின போட்டோதான்.'
பதில் சொல்ல வாய் திறந்தார்,
புகை வந்தது. நிஜமாகவே புகை.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவருக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

நேற்று குபேர் அங்காடி.
சங்கரா என்ன விலை என்று குனிந்தேன்.
பெட்டியிலிருந்து கொட்டிய ஐஸ் தூள்
நடைச் சரிவில் செதிலோடு கலந்து கிடந்தது.
என் கையை விட்டான் ஆரோன்.
முழங்கால் மடிந்தது. கைகள் முன்னே.
ஒரு சாண், ஒன்றரைச் சாண் வழுக்கி
விரல்கள் சேர, குதிகால்கள் விலக
நின்றான்,
ரத்தத் தண்ணி வாளிக்கு நாலு விரற்கடை முன்னால்.
'டேய், உழுந்து தொலையப் போற!'
கத்தியை நிறுத்தாமல் கத்தினார் அஞ்சாலாட்சி.
அவன் விழவில்லை.
மறுபடி மேலே ஏறப் போனான்.
நான் தடுக்கவில்லை.
மீன் நறுக்க நேரமாகும்போல இருந்தது.

கடைசிப் பக்கம்.
'மேற்கண்ட பயணம் உண்மையாகவே
மேற்கொள்ளப்பட்டது என உறுதியளிக்கிறேன்.'
பேனா எழுத மறுக்கிறது, உதறுகிறேன்.
எட்டேகால் ஆகிவிட்டது.
கையெழுத்துப் போடுகிறேன்,
நால்வருக்கும் சேர்த்து.