என்ன சத்தம் கேக்குது?

இரவு பதினொன்று முதல் காலை எட்டு வரை
காக்கி புக்கிட் பட்டறையின் எண்ணை அழைத்தால்
ஈசூனில், என் சமையலறையில், மணி அடிக்கும்.
கார் கிளம்பவில்லை என்பார்கள்.
எடுத்த எடுப்பில் நான் கேட்பது
என்ன கார் என்றல்ல, எந்த இடம் என்றல்ல.
என்ன சத்தம் கேக்குது?

வெட்கப்படுவார்கள்.
பிறகு செய்து காட்டுவார்கள்.

பிடோக்கிலிருந்து ஒரு வழக்கறிஞர்
நீதிமன்றக் குரலில்
டிக் டிக் டிக் டிக் என்றார்.
முன்விளக்கைப் போடுங்கள், மங்குகிறதா?
மங்குகிறது என்று ஒப்புக்கொண்டார்.
மூன்று வாரம் அவர் ஊரில் இல்லை.
டேஷ்கேமரா மட்டும் விழித்திருந்து
எதிர்ச் சுவரைப் படம்பிடித்துப் பிடித்து
பேட்டரியைக் குடித்து முடித்திருக்கிறது.

உட்லண்ட்ஸில் மஸ்லிண்டா, தாதி,
வேலை முடிந்த அலுப்போடு
ஒரே ஒரு ‘டக்’ சொன்னாள். அவ்வளவுதான்.
விளக்கெல்லாம் பளிச்சென்று இருக்கிறதாம்.
அப்படியென்றால் ஸ்டார்ட்டர் மோட்டார்.
தட்டினால் எழும்புமா?
எழும்பலாம், மறுபடி படுத்துக்கொள்ளும்.
தனசீலன் வருவான், வண்டியோடு.

கிர்ர்ர் கிர்ர்ர் என்று சுற்றிச் சுற்றியும்
பற்றவில்லை என்பவர்களை
பெட்ரோல் முள்ளைப் பார்க்கச் சொல்வேன்.
பதில் தாமதித்தால் புரிந்துவிடும்.
முள் மேலே இருந்தால்
பம்பாக இருக்கும், பிளக்காக இருக்கும்,
திறக்காமல் சொல்ல நான் சோதிடக்காரி இல்லை.
விடாமல் திருகாதீர்கள், இருக்கிற உயிரும் போகும்.

ஒரு சத்தமும் இல்லை என்பவர்களுக்குத்தான்
கோபம் அதிகம்.
கியர் பார்க்கிங்கில் இருக்கிறதா?
பிரேக்கை மிதித்தீர்களா?
சாவியைப் பொத்தான் மேலேயே ஒட்டிவைத்து அழுத்துங்கள்,
அதற்குள்ளும் ஒரு பேட்டரி, பத்துக் காசு அகலத்தில்.
ஒரு லிம், என் பெயரைக் கேட்டார்,
புகார் எழுதப்போவதாகச் சொன்னார்,
பாதி வாக்கியத்தில் எஞ்சின் உறுமியது,
தொடர்பு அறுந்தது.

பக்கத்தில் நல்ல கார் நின்றால் வடம் போடலாம்.
சிவப்பு, முதலில் செத்ததற்கு, பிறகு இருப்பதற்கு.
கறுப்பு, முதலில் இருப்பதற்கு.
கடைசி முனை பேட்டரிக்கு இல்லை,
செத்த காரின் எஞ்சினில்
சாயம் பூசாத இரும்புக்கு.
நடுநிசியில் இதைக் கேட்டு
யாருக்குக் காரியம் பண்றே என்று
தூக்கத்தில் முனகுவார் வீட்டுக்காரர்.

பிடித்துக்கொண்டதும் சொல்வேன்:
அணைக்காமல் அரைமணி ஓட்டுங்கள்.
எங்கே போக, என்பார்கள்.
நியாயமான கேள்வி.
இந்தத் தீவில்
எந்தப் பக்கம் அரைமணி ஓட்டினாலும் கடல்.
அதனால்தான் செத்தது அது.
சந்தைக்கு ஏழு நிமிடம், பள்ளிக்கு நான்கு,
கிளப்பக் கொடுத்த கடனைத்
திரும்ப வாங்க நேரமே கிடைக்காத பேட்டரி.

இன்று காலை ஏழு பத்து.
கார்நிறுத்தத்தில் ஐந்தாம் தளம்.
மகனுக்குத் தமிழ் வாய்மொழித் தேர்வு.
சாவியைத் திருகினேன்.

பழக்கதோஷம், பட்டறையை அழைத்தேன்.
பட்டறை என்னைத் தேடி வந்து
நான் வேறு அழைப்பில் இருப்பதைக் கண்டு
டூட் டூட் டூட் என்றது.

உள்கூரையில் குண்டூசி முனையளவு வெளிச்சம்.
பின்கதவின் இடுக்கில் மிட்டாய்த் தாள்.
சரியாக மூடாத கதவோடு
இரவெல்லாம் எரிந்திருக்கிறது.
நானோ மாடியில் இருபத்தொரு பேருக்கு
விளக்கை அணைத்தீர்களா என்று
கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

தனசீலன் தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.
கார் கிளம்பல, என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, சிரிப்பை அடக்குகிற குரலில்,
என்ன சத்தம் கேக்குதுக்கா?

தள்ளுவண்டியோடு போன சீன மாது நின்று பார்க்க
கழுத்து நரம்பு புடைக்கச் செய்து காட்டினேன்.

படம் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தவன்
பின்னிருக்கையிலிருந்து திருத்தினான்:
அப்படி இல்லம்மா,
இன்னும் கொஞ்சம் வேகமா.