நம்பு

முழுப்பெயர் நம்புச்செல்வி.
ஆட்டத்துக்குள் பாதியை நறுக்கிவிட்டு
நம்பு என்று மட்டும் போட்டேன்.
பாம்பனில் அது ஆணுக்கும் பெயர், பெண்ணுக்கும் பெயர்.
கோயம்புத்தூர்க்காரனுக்குக் கட்டளை.
'யாரடா நம்பச் சொல்ற?' என்பான்.
மைக்கை அணைத்தே வைத்திருந்ததால்
எட்டு மாதம் நான் டாவாக இருந்தேன்.

நன்றாகவே சுடுவேன்.
மூச்சடக்கிப் பாசி பறிக்கிறவளுக்குப்
புதருக்குள் அசையாமல் கிடப்பது ஒரு வேலையா.
சிக்னல்தான் சனியன்.
சின்னப்பாலத்தில் சில ராத்திரி
போன் தானாகவே கடல் தாண்டிப் போய்
அடுத்த நாட்டுக்கு வருக என்று என்னிடமே சொல்லும்.
அப்போது என் ஆள் சுவரில் முட்டி முட்டி ஓடுவான்.

அன்றைக்குக் கச்சான் காற்று,
கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.
எதையோ தட்டப்போய் மைக் திறந்துகொண்டது.
'எடப்பக்கம் மாடில ஆளு, குனி' என்றேன்.
குனிந்தார்கள். பிழைத்தார்கள்.
பிறகு மூன்று விநாடி சத்தமில்லை.
மடி மேலே வருமுன்
உள்ளே என்ன கிடக்கிறதென்று தெரியாத
அந்த மூன்று விநாடி.

'டேய், பொண்ணுடா.'

அப்புறம் சொன்னதை எழுத மாட்டேன்.
அடுப்பில் தொடங்கியது,
என் அம்மாவிடம் போனது,
என் உடம்பில் நானே பெயர் வைக்காத இடங்களுக்கு வந்தது.
ஒருத்தன் கதவைச் சாத்தி என்னை வெளியே நிறுத்தி
ஜன்னல் வழியாகக் காலில் சுட்டான்,
நான் கொடுத்த தோட்டாவால்.

புகார் சொல்ல ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் நன்றி என்று வரும்.
ஐஸ் கம்பெனி வாசல் நாயும் அப்படித்தான்,
ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.

விடிந்ததும் வத்தம்.
பழைய சேலைக் கிழிசலை விரல்களில் சுற்றிக்கொண்டு
பாரில் இறங்கினோம்.
'மூஞ்சி ஏன்டி செத்துக் கெடக்கு' என்றாள் சோலைமுத்து.
கண்ணாடி இறுக்குதுக்கா என்றேன்.
தண்ணிக்குள் தலை போனதும்
அவன்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும்
நானே சொல்லிப் பார்த்தேன்.
எல்லாம் குமிழிதான்.
ஓரா ஒன்று மட்டும் விலகிப் போனது.

அப்படித்தான் எனக்கு மனப்பாடமானது.

அடுத்த வாரம் மைக்கை நானே திறந்தேன்.
அவன்களைவிடச் சுத்தமாக,
ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன்.
திருப்பூர் ஒருத்தன் தொண்டையைச் செருமினான்.
ஒருத்தன் 'சரிங்க' என்றான்.
நல்லா இருந்தது.
பொய் சொல்ல மாட்டேன், நல்லா இருந்தது.
யாரும் கேட்காமலே கூடச் சொல்ல ஆரம்பித்தேன்,
பறிக்கிற கை நிற்காத மாதிரி.

மாசியில் ஒரு புதன்கிழமை.
உடையாத குரல்.
'அக்கா, குண்டு எதுல அமுக்கணும்?'
ஆட்டத்துக்குள் என்னை அக்கா என்றவன் அவன் ஒருத்தன்தான்.
பின்னால் யாரோ பாத்திரம் விளக்குகிறார்கள்,
குக்கர் மூடி உருளுகிறது.
கடைசி வட்டம், எதிரி இரண்டே பேர்.
அவன் அமுக்கினான்.
குண்டு என் காலடியில் விழுந்தது.

நான் அந்த நாலாவது சொல்லைச் சொன்னேன்.
அம்மாவைத் தொடுகிற சொல்.

பாத்திரச் சத்தம் நின்றது.

செத்தவளுக்குப் பார்க்க மட்டும் அனுமதி,
அதுவும் உயிரோடிருக்கிற கூட்டாளியின் கண்வழியே.
அவன் கண்ணில் ஒரு சுண்ணாம்புச் சுவர்,
பாதித் தென்னை.
பையன் போனைக் கீழே வைத்துவிட்டான்.
சுவர் அசையவே இல்லை.
வெளியேறு என்று கட்டை விரலருகே மின்னியது,
வெளியேறவில்லை.
நீல விளிம்பு வந்து அவனை
கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடிக்கும்வரை
அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பட்டியலில் அவனைத் தேடினேன். இல்லை.
இன்னும் கீழே இறக்கினேன்.
நம்பு.
என் பெயர்மேல் விரலை வைத்து அழுத்தினேன்.
எல்லாப் பெயருக்கும் வருகிற அந்தப் பொத்தான்
அங்கே மட்டும் வருவதில்லை.

நாலரைக்கு வத்தம்.
துணி கிழித்து வைக்க வேண்டும்,
பத்து விரலுக்கும்.