காளவாசல் சுவர்

மூன்றாம் கைக்கு வந்த பென்ஸ்.
ராத்திரியில் அது பாதிக் குருடு என்று
கோயம்புத்தூர்க்காரர் விற்கும்போது சொல்லவில்லை.

பம்புசெட் கடையை ஒன்பதுக்குப் பூட்டிவிட்டு
காளவாசலுக்கு ஓட்டி வந்தேன்.
ஹிதாயத்துல்லாவின் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே
மூடிக் கிடக்கும் மாவுமில்லின் நீளச் சுவர்.
மதுரைச் சுவர்,
ஓர் அங்குலம் சும்மா இல்லை.
காதணி விழா, கட்சி மாநாடு, பழைய காதணி விழா,
எல்லாவற்றின் மேலும் ஒரு கண்ணீர் அஞ்சலி.

"இருபத்தஞ்சு அடி தள்ளி நிறுத்துங்க சார்.
வலது பக்கம் புது செனான், இடது பக்கம் எல்இடி.
துணியைப் போட்டு மூடி ஒண்ணொண்ணாக் காட்டுறேன்.
விலையை அப்புறம் பேசுவோம்,
முதல்ல கண்ணு சொல்லட்டும்."

முதலில் செனான்.
சட்டென்று வரவில்லை அது.
பல்லாஸ்ட் மெல்ல முனகி,
ஊதாவில் பிறந்து, நீலத்தில் தடுமாறி,
பால்வெள்ளையில் நிலைக்க ஏழெட்டு நொடி.
அதற்குள் போஸ்டரில் இருந்த மனிதர்
மதியத் தூக்கம் கலைந்தவர் மாதிரி எழுந்தார்.
முதலில் மீசை.
அப்புறம் தோள்துண்டின் கரை.
கடைசியில்,
என்னை எங்கோ பார்த்திருப்பதாக ஒரு பார்வை.

"இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல பாயுது சார்.
தெரியாமக் கையை வச்சா
நமக்கும் இப்படி ஒரு போஸ்டர்தான்."

துணி இடம் மாறியது. எல்இடி.
ஸ்விட்சும் வெளிச்சமும் ஒரே சொல்.
பசை காய்ந்த சுருக்கம்,
ஒட்டியவனின் உள்ளங்கைத் தடம்,
மழையில் இறங்கிய மை,
அடியில் பொடி எழுத்தில் மைத்துனர்கள், மருமகன்கள்
எல்லோரும் ஒரே நொடியில் ஆஜர்.
மனிதர் மட்டும்
காகிதமாகிவிட்டிருந்தார்.

"இதுவா?
இல்ல... இதுவா?"
இந்தக் கேள்வியை வேறெங்கோ கேட்டிருக்கிறேன்,
மோவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டு.

செனான் ஜோடி பதினாலாயிரம்.
எல்இடி முப்பத்தெட்டு; அதற்கு ஒரு டீகோடர் தனி.
கரண்டைக் கம்மியாகத் தின்கிறதாம்,
பல்பு செத்துவிட்டதென்று டேஷ்போர்டு ஒப்பாரி வைக்குமாம்.
"பத்து வருஷம் தொட வேண்டாம் சார்."
வண்டி பத்து வருஷம் இருக்குமா என்றேன்.
"நீங்க இருப்பீங்கள்ல?"

சரி, அந்தத் தேதியைப் படிங்க என்றார்.
தோற்றம் தெரிந்தது.
மறைவு, செனானில் ஒரு புகை,
எல்இடியில் வெளுத்த புகை.
அங்கே கிழிந்திருக்கிறது என்றேன்.

இரண்டையும் அணைத்துவிட்டு ஒயர் சுற்றிக்கொண்டிருந்த வீரணன்
டீக்கடை டியூப்லைட் மிச்சத்தில்
திரும்பிக்கூட நிற்காமல் படித்தான்:
"பதினாலு, பதினொண்ணு. வியாழக்கெழமை."

யாரும் பேசவில்லை.
ஹிதாயத்துல்லா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்,
பிறகு குனிந்து கட்டைவிரலால் துடைத்தார்.
"கண்ணாடி மஞ்சளாயிருச்சு சார்.
இதைத் தேய்க்காம
உள்ள எந்த பல்பைப் போட்டும் பிரயோசனம் இல்ல."

வண்டியைத்தான் சொன்னார்.

டீகோடர் திங்கட்கிழமைதான் வரும்.
அதுவரைக்கும் ஓட்டிப் பாருங்கள் என்று
ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது.
தேனி ரோட்டில்
இடப்புறத்துக் கருவேலம்
முள் முள்ளாக எண்ணக் கிடைத்தது.
வலப்புறம் ரோடு
ரோடாக மட்டும் வந்துகொண்டிருந்தது.

நாகமலைப் பக்கம் எதிரே ஒரு டிவிஎஸ்,
முன்னும் பின்னும் வாழையிலைக் கட்டு.
ஓட்டிவந்தவர் ஒரு கையை நெற்றிக்குத் தூக்கினார்.
கூசியதா, கும்பிட்டாரா,
அவருக்கு என்னை எங்கோ பார்த்த நினைவா,
எனக்குத் தெரியவில்லை.

டிம் செய்தேன்.