கழிவறைக்கு நாலு நிமிடம்

துர்ரஸ் துறைமுகத்துக்குப் பின்னால்
மூடிப்போன செருப்பு ஆலையின் இரண்டாம் மாடி.
நூற்றுப்பத்து நாற்காலிகள்.
என்னுடையதற்கு ஒரு கை இல்லை.
போன வருடமே எழுதிக் கொடுத்தேன்,
பரிசீலனையில் இருக்கிறது.

இங்கே நான் மார்ட்டினா.
ஜென்சிலா என்றால்
இத்தாலியர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளுமாம்.
எனக்கு முன்பு இதே மேசையில்
இரண்டு மார்ட்டினாக்கள் இருந்திருக்கிறார்கள்.
ஒருத்தி விட்டுப்போன இருமல் மிட்டாய்
இழுப்பறையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வணக்கம், அல்பேனியாவிலிருந்து பேசுகிறேன்.
இதைச் சொல்லியாக வேண்டும், சட்டம்.
சொன்னதும் ஒரு மௌனம் விழும்.
அதன் நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்,
திட்டப் போகிறாரா,
எங்கள் ஆள் ஒருவரைக் கொடு என்பாரா,
இல்லை, இன்டர்நெட் வராத கவலையில்
நீ எங்கிருந்தால் எனக்கென்ன என்று
விட்டுவிடுவாரா.

கார்ட்டூன் பார்த்துக் கற்ற மொழி இது.
அப்பா மொட்டைமாடியில் ஏறி ஏரியலைத் திருப்புவார்.
நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்துவேன்:
வந்திருச்சு, வந்திருச்சு,
ஐயோ போயிருச்சு.
யோசித்தால்
இன்றுவரைக்கும் அதே வேலைதான்.
இப்போது வருகிறதா, ஐயா?
இப்போது?

நாம் ஒரு குடும்பம் என்கிறான் எர்மால், டீம் லீடர்.
குடும்பம்தான்.
என் மாமாவும் இப்படித்தான்,
கணக்கு கேட்டால் கட்டிப்பிடித்துக்கொள்வார்.

கழிவறைக்கு நாலு நிமிடம்.
ஐந்தாவது நிமிடம்
சுவர்த்திரையில் நம் பெயர் சிவப்பில் வரும்.
எட்லிராவுக்கு அது ஏழாம் மாதம்.
ஒரு நாள் அவள் பெயர் ஆறு தடவை வந்தது.
புது ரெக்கார்டு என்று எர்மால் கைதட்டினான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
எல்லோரும் என்றால்
நானும்தான்.
ஹெட்செட்டின் மைக்கை மேலே தள்ளிவிட்டு,
வாடிக்கையாளருக்குக் கேட்காமல்,
நன்றாகவே சிரித்தேன்.

எட்லிராவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.
வழியனுப்ப கேக் வெட்டினோம்.
அதற்கும் எங்கள் இடைவேளையில்தான்
பத்து நிமிடம் கழித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, பிரிண்டிசியிலிருந்து ஒருவர்.
மனைவியின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.
காரணம்?
இறந்துவிட்டாள்.

துண்டிக்கும் பொத்தான்
மூன்று சலுகைகளுக்குப் பிறகுதான் திறக்கும்.
ஆறு மாதம் பாதிக் கட்டணம், என்றேன்.
அவள் இறந்துவிட்டாள், என்றார்.
புது மோடம் இலவசம், என்றேன்.
அந்தப் பக்கம் ஒரு கரண்டி
கோப்பையில் சுற்றிக்கொண்டே இருந்தது.
மூன்றாவது, என் நாக்கு தடுக்கியது,
மூன்றாவது
இருவருக்கான குடும்பத் திட்டம்.

கரண்டி நின்றது.
'அம்மா, உன் பின்னால் யாராவது நிற்கிறார்களா?'

இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது, ஐயா.

'சரி' என்றார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
சாட்சி சொல்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்தி:
'இந்தப் பெண் மரியாதையாகப் பேசினாள்.
மூன்று சலுகையும் சொன்னாள்.
எனக்குத்தான் வேண்டாம்.
பத்துக்குப் பத்து போடுகிறேன்.'

துண்டித்தேன்.
இன்னும் இரண்டு மாதம்
அவள் பெயருக்கு பில் போகும்.
அதை நான் சொல்லவில்லை.
அது ஸ்கிரிப்டில் இல்லை.

எர்மால் மணி அடித்தான்.
பத்து வாங்கியவர்களுக்கு மஞ்சள் காந்தம்,
பலகையில் என் பெயருக்கு மேல் ஒரு சூரியன்.

எழுந்து கழிவறைக்குப் போனேன்.
வந்த காரியம் ஒன்றுமில்லை.
மூடிய மூடியின் மேல் உட்கார்ந்து
குழாய் சொட்டுவதை எண்ணினேன்.
பாரிக்குப் போகும் கப்பல்
ஒரு முறை ஊதியது.
நாலு நிமிடம்.
ஐந்து.
பதினொன்று.

கதவைத் திறந்தபோது
சுவரெல்லாம் மார்ட்டினா.
கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள்,
மைக்கை மேலே தள்ளிவிட்டு.
திரும்பிப் பார்க்கவில்லை.
அந்தச் சிரிப்பு எப்படிச் சிரிக்கப்படுகிறது என்று
எனக்குத் தெரியும்.