நாய் திரும்பி வரும் படம்

நாலு மணிக்கே இருட்டிவிடும்
குவோப்பியோவின் நவம்பர்.
இந்த வாரம் பிள்ளைகள் என்னோடு; என் முறை.

படத்தை முந்தின இரவே தனியாகப் பார்த்துவைத்தேன்.
துப்பாக்கி ஒன்று, வெடிக்கவில்லை.
முத்தம் ஒன்று, நெற்றியில்.
நாய் தொலைகிறது; திரும்பி வருகிறது.
சரி, போடலாம்.

பிஹ்லா நோட்டை மடியில் விரித்து
பென்சிலைக் காதில் செருகினாள்.
நட்சத்திரம் போடுவது அவள் வேலை.
நீலோவின் வேலை
உப்பு மிட்டாயை ஆள் பார்த்துப் பங்கிடுவது.
ஆள் என்றால் அவன்.

பனியில் நாயைக் காணோம்.
வயலின் இழுக்கிறது. தெரிந்தும் எனக்குத் தொண்டை அடைக்க,
"இப்பப் பாருங்கப்பா, பால் வண்டிக்குப் பின்னாலேருந்து வரும்"
என்றான் நீலோ.

பால் வண்டி இன்னும் திரைக்கே வரவில்லை.

போர்வைக்கடியில் ஒரு கிள்ளு.
பிஹ்லா திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.
உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்,
அடுத்து என்னவென்று தெரியாதவளைப் போல.

போன வாரம் அம்மா வீடு.
பனிக்காலணி யாரிடம் என்பதைத் தவிர
எங்களுக்குள் பேச்சு நின்று வருடமாகிறது.
படம் மட்டும்
ஒன்றையே எடுத்திருக்கிறோம்.

வண்டி வந்தது. நாய் வந்தது.
"அட!" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
"அட!" என்றாள் அவளும்.

அவர்கள் தூங்கியபின் நோட்டைத் திறந்தேன்.
பக்கத்தின் நடுவே அடிமட்டம் வைத்துக் கிழித்த கோடு.
அங்கே: நாலு. நாய் சீக்கிரம் வந்துவிட்டது.
இங்கே: நாலு. நாய் வர நேரமானது. அப்பா நிஜமாகவே பயந்தார்.

ஐந்தாவதாக ஒன்றை வரைந்து
ரப்பரால் அழித்த தடம்
கோட்டின் மேலேயே.