காலி இடம்

புதுக்குடியிருப்பில் கடைசி பஸ் போய்விட்டது.
என் பஸ் மதர்போர்ட்டில்.
டிஸ்கே இல்லை என்கிறது கேர்னல்;
கை வைத்தால் சுழல்வது தெரிகிறது.

ஒவ்வொரு இடமாய்க் கூப்பிட்டுப் பார்த்தேன்.
ஆளில்லாத இடமும் பதில் சொல்லும்:
பதினாறு ஒன்றுகள்,
வாய் நிறைய.

மூன்றாம் இடம் காலி.
அங்கேயே திரும்பிவிடுகிறது எவரோ எழுதிய நிரல்,
அப்பால் ஒரு பாலம் கிடப்பதையும்
பாலத்துக்கு அந்தப் பக்கம் கொன்ட்ரோலர்
விழித்திருப்பதையும் கேளாமல்.

“பதிவில வராட்டி இல்லையெண்டே எழுதிடுவினமோ?”
பிளேன்ரீ கொண்டுவந்த அமிர்தநாயகம் அண்ணை
டிஸ்கைப் பற்றித்தான் கேட்டிருப்பார்.

‘நிறுத்து’ என்ற சொல்லை அழித்து
‘தொடர்’ என்று அடித்தேன்.
நாலு. ஐந்து. பாலம்.
சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

சங்கத்தின் நெற்கடன் பட்டியல் திறந்தது.
முதல் பெயரே அண்ணையுடையது,
ஏழு மூட்டை பாக்கி.
அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.